மான் ஹலால்தான், பையில் வரும் இறைச்சி?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கலியாண மாதங்கள் தொடங்கினால் நம்ம ஊரில் ஒரு செய்தி மெதுவாக ஓடும். யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. "சாமான் வந்திருக்கு, வேணுமா?" என்று ஒரு கோல் வரும். சாமான் என்றால் மரை, இல்லாவிட்டால் மான். கறுப்பு சொப்பிங் பேக்கில் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று வீட்டு வாசலுக்கே வந்துவிடும். வெளியூர் சம்பந்தி வீட்டாருக்கு மரை வத்தல் பொரித்து வைப்பது இன்றைக்கும் ஒரு பெருமை.

நம்ம பாடசாலையில் விஞ்ஞானமும் இஸ்லாமும் படிப்பிக்கும் நாங்கள் நாலு பேர் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம். காரணம், தரம் 10 பிள்ளைகளுக்கு வனஜீவராசிகள் பற்றிப் படிப்பிக்கும் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வி வருகிறது. "சேர், மான் ஹலால்தானே. அல்லாஹ் ஹலாலாக்கினதை கவர்மென்ட் எப்படித் தடுக்கும்?" வகுப்பே சிரிக்கும். இது பிள்ளையின் கேள்வி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டிலும் தேத்தண்ணிக் கடையிலும் கேட்டதைத்தான் பிள்ளை வகுப்புக்குக் கொண்டு வருகிறது. ஆகவே பதிலையும் வீட்டுக்கே எழுதுகிறோம்.

மான் ஹலால். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. மாடும் ஹலால்தான். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது உழ்ஹிய்யா மாடு ஏற்ற, பத்திரம் எடுக்க நாம் எல்லாரும் வரிசையில் நிற்கிறோமே. அங்கே நின்று "ஹலால் மாட்டுக்கு என்ன பத்திரம்?" என்று யாரும் கேட்பதில்லை. மானுக்கு மட்டும் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது?

எந்த நாட்டு வேட்டைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் அது மூன்று கேள்விகளைத்தான் கேட்கும். எப்போது வேட்டையாடலாம், எத்தனை எடுக்கலாம், எப்படி எடுக்கலாம். இந்த மூன்றையும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று நினைப்பவர்கள் சூரா அல்மாயிதாவை இன்னொரு தடவை திறந்து பாருங்கள். அந்த சூராவின் முதல் வசனத்திலேயே இஹ்ராம் கட்டியிருக்கும்போது வேட்டை இல்லை என்று வருகிறது. பிறகு 94 முதல் 96 வரையான வசனங்களில் அது விரிவாக வருகிறது. தப்ஸீர்களில் ஒரு விளக்கம் உண்டு. ஹுதைபிய்யா வருடம் ஸஹாபாக்கள் இஹ்ராமோடு தங்கியிருந்தபோது, வேட்டை மிருகங்கள் ஒருநாளும் இல்லாத மாதிரி கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றனவாம். கையை நீட்டினால் பிடிக்கலாம். பிடிக்கக்கூடாது. அதுதான் சோதனை.

வேண்டுமென்று பிடித்துக் கொன்றவனுக்குப் பரிகாரமும் உண்டு. நீதியான இரண்டு பேர் பார்த்து, கொன்றதற்கு ஈடான கால்நடை எது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீக்கோழிக்கு ஒட்டகம், மானுக்கு ஆடு என்று ஸஹாபாக்களின் தீர்ப்புகள் பிக்ஹு கிதாபுகளில் இருக்கின்றன. மக்கா ஹரத்துக்குள்ளே இஹ்ராம் இல்லாதவனும் வேட்டையாட முடியாது. மதீனாவின் இரண்டு கற்பூமிகளுக்கு இடைப்பட்ட நிலத்துக்கும் அதே தடை. ஹலாலான மிருகம், ஆனால் இந்தக் காலத்தில் இல்லை, இந்த இடத்தில் இல்லை. இதைத்தானே இப்போதைய சட்டத்தில் மூடிய காலம் என்றும் சரணாலயம் என்றும் சொல்கிறோம்.

"எப்படி" என்ற கேள்விக்குத்தான் நம்ம மார்க்கம் ஆகக் கூடுதலாகப் பேசியிருக்கிறது. அதீ இப்னு ஹாத்திம் ரலியல்லாஹு அன்ஹு தய் கோத்திரத்தின் தலைவர், நாயும் அம்பும் கொண்டு வேட்டையாடிப் பழகியவர். அவர் ரஸூலுல்லாஹ்விடம் ஒவ்வொன்றாகக் கேட்ட கேள்விகள் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்றன. பழக்கிய நாயை பிஸ்மி சொல்லி விட்டால் அது பிடித்ததைச் சாப்பிடலாம். நாய் அதில் தின்றிருந்தால் வேண்டாம், அது தனக்காகப் பிடித்திருக்கிறது. இன்னொரு நாயும் கூட நிற்கிறது, எது கொன்றது என்று தெரியவில்லை என்றால் வேண்டாம். தன் நாய்க்குத்தான் பிஸ்மி சொன்னார், அடுத்த நாய்க்குச் சொல்லவில்லை. அம்பு பட்ட மிருகம் தண்ணீருக்குள் செத்துக் கிடந்தாலும் வேண்டாம். அம்பா கொன்றது, தண்ணீரா கொன்றது என்று தெரியாது. எறிகோலின் கூர் பட்டுக் கிழித்தால் சாப்பிடலாம், அகலப்பக்கம் அடித்துச் செத்தால் அது அடிபட்டுச் செத்த பிராணி.

கவனித்துப் பாருங்கள். அதீ ரலியல்லாஹு அன்ஹு தன் கையால் விட்ட நாய், தன் கையால் எய்த அம்பு. அப்படியிருந்தும் எது கொன்றது என்று தெரியாவிட்டால் விட்டுவிடு என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். நம்ம வாசலுக்கு வரும் கறுப்புப் பைக்கோ நாய் யார், அம்பு யார் என்றே தெரியாது.

அந்தப் பைக்குள் இருக்கும் மிருகம் செத்திருக்கக்கூடிய வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது கம்பிச் சுருக்கு. மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள், கிளச் கேபிள், கிடைக்காவிட்டால் வேலிக்கம்பி. மிருகம் நடந்து நடந்து பழகிய ஒற்றையடிப் பாதையில் வளையமாகக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார்கள். தலை மாட்டியதும் மிருகம் முன்னால் இழுக்கும். இழுக்க இழுக்க இறுகும். காலையில் போய்ப் பார்க்கும்போது பெரும்பாலும் முடிந்திருக்கும். சூரா அல்மாயிதாவின் மூன்றாவது வசனத்தில் ஹராமானவற்றின் பட்டியல் நமக்குப் பாடம். செத்தது, இரத்தம், பன்றி, அல்லாஹ் அல்லாதவருக்காக அறுத்தது என்று சொல்லி அடுத்ததாக வருவது என்ன? கழுத்து நெரிபட்டது. அதற்கடுத்தது அடிபட்டது, விழுந்தது, முட்டுப்பட்டது. பன்றி இறைச்சி பட்ட சட்டியைக்கூட வீட்டுக்குள் எடுக்காத நாம், அதே வசனத்தில் அடுத்த மூச்சில் வருவதை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

உயிரோடு இருக்கும்போது போய் அறுத்திருந்தால்? அந்த அளவில் இறைச்சி ஹலால்தான், அந்த வசனமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் அறுத்ததற்குச் சாட்சி யார்? விற்பவர். அவருக்கு யார் சொன்னது? கொண்டு வந்து கொடுத்தவர். சுருக்குக் கட்டியவர் முஸ்லிமா, பிஸ்மி சொன்னாரா, உயிர் இருந்ததா, இது எதுவும் திரீவீலரில் வரும்போது கூட வராது. கடையில் வாங்கும் பிஸ்கட் பெக்கட்டைத் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரை தேடும் நம்ம வீட்டுப் பெண்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள்தான் முதலில் விளங்கிக்கொண்டார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சுருக்கு யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த மிருகத்துக்காகக் காத்திருப்பதில்லை. 2020 மே மாதம், ஊரடங்கு நேரம், மஸ்கெலியா நல்லதண்ணிப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் கம்பியோடு கிடைத்தது ஞாபகம் இருக்கும். இலங்கையில் கறுப்பு நிறச் சிறுத்தை கண்ணில் படுவதே அபூர்வம். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துவிட்டது. பன்றிக்குக் கட்டியதாகச் சொல்லப்பட்ட கம்பி அது.

இரண்டாவது வழி கட்டுத்துவக்கு. இதை எழுதத்தான் எங்களுக்குக் கை நடுங்குகிறது.

ஒரு குழாய், கொஞ்சம் வெடிமருந்து, ஈயமும் இரும்புத்துண்டும். பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு நூல். நூலைத் தட்டினால் வெடிக்கும். தட்டுவது மானா மாடா மனிசனா என்று நூலுக்குத் தெரியாது. நம்மிடம் ஒன்பதாம் தரம் வரை படித்த ஒரு பிள்ளை, வாப்பாவின் பட்டியில் தவறிய கன்றைத் தேடி வட்டைக்கு மேலால் காட்டோரம் போனது. மஃரிப் நேரம். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நல்லா ஓடுகிற பிள்ளை, வலய மட்டத்தில் 400 மீற்றரில் இடம் எடுத்தது. பெயர் எழுதவில்லை, ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் துவக்கைக் கட்டியது யார் என்பது. பொலிசுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளையின் வாப்பாவும் சொல்லவில்லை. "சொன்னாப் போல கால் வருமா சேர்?" என்று கேட்டார். ஜும்ஆவில் இரண்டு பேரும் சில நேரம் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். நாங்கள் இதைத் தீர்க்கப் போவதாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கலியாண சஹனில் இருக்கும் இரண்டு துண்டு மரை இறைச்சிக்கும் அந்தக் காலுக்கும் இடையில் இருப்பது ஒரு நூல்தான். வாங்க ஆளில்லாவிட்டால் அந்த நூலைக் கட்ட ஆளிருக்காது.

மூன்றாவது பன்றிவெடி. சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் என்பார்கள். பூசணி, வெள்ளரி மாதிரித் தீனிக்குள் வைத்த வெடி. கடித்தால் வாய்க்குள் வெடிக்கும். நம்ம ஆட்கள் பன்றி சாப்பிடுவதில்லை, ஆனால் வெள்ளாமையைக் காக்க வைப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அதைக் கடிப்பது பல நேரம் யானைக்குட்டி. தாடை சிதறி, தின்னவும் முடியாமல், தண்ணீர் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகும். 2023இல் மட்டும் நாடு முழுக்க 470க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. துவக்குச்சூடு, மின்சாரம், ரயில் எல்லாம் அதற்குள் அடக்கம், பன்றிவெடியும் அதில் பெரிய பங்கு. உயிருள்ள பிராணியை எறிந்து பழகும் இலக்காக வைப்பதையே சபித்த நபியின் உம்மத் நாம்.

இந்த இடத்தில் விவசாயிகள் கோபப்படுவீர்கள். நியாயம். ஆறு மாதம் பாடுபட்ட வெள்ளாமையை ஒரே ராவில் யானை மிதித்துவிட்டுப் போனால் வரும் வயிற்றெரிச்சல் சம்பளம் வாங்கும் எங்களுக்கு விளங்காது என்று போன வாரம் ஒரு காக்கா முகத்துக்கு நேரே சொன்னார். யானைவேலிக்கும் நட்டஈட்டுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த கதைகள் எங்களுக்கும் தெரியும். வயலைக் காப்பதும் வலீமாவுக்கு மரை வாங்குவதும் ஒன்றல்ல. முன்னையது வயிறு, பின்னையது நாக்கு. சட்டத்திலும் இரண்டும் ஒன்றாக இல்லை. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட மிருகமல்ல. மானும் மரையும் சருகுமானும் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஏற்றி வந்த வாகனமும் போகலாம்.

சட்டத்தின் மேல் எங்களுக்கும் முழுக் காதல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் வேட்டைச் சட்டம் போட்டவர்களின் கதை கொஞ்சம் விசித்திரமானது. பிரித்தானியர் முதலில் யானை கொல்பவனுக்குக் காசு கொடுத்தார்கள். 1840களின் நடுவில் மூன்று வருடத்துக்குள் வடக்கில் மட்டும் சுமார் 3,500 யானைகளுக்கு அப்படிக் காசு கொடுத்ததாக எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். பதுளையில் இருந்த மேஜர் ரொஜர்ஸ் தனியாளாக 1,400க்கு மேல் சுட்டாராம். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். சுட்டுச் சுட்டுத் தீர்ந்துவரும்போதுதான் அவர்களுக்கே பயம் வந்தது. 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியதும் பெரும்பாலும் வேட்டைக்காரத் துரைமார்தான். அவர்களுக்குச் சுட மிச்சம் இருக்க வேண்டுமே! 1909இல் ஒரு சட்டம், பிறகு இன்றுவரை திருத்தித் திருத்தி நாம் வைத்திருக்கும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். யாலவும் வில்பத்துவும் 1938இல் தேசிய பூங்காவானது அதன் கீழ்தான்.

அந்தச் சட்டத்தின் பாரம் பிறகு யார் தலையில் விழுந்தது? 1983இல் மதுறு ஓயா தேசிய பூங்கா வந்தபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த ஆதிவாசிகளின் காடு அவர்களுக்கே மூடப்பட்டது. தம்பானையின் ஊருவரிகே திஸஹாமி காட்டைவிட்டு வர மாட்டேன் என்று கடைசிவரை நின்றார். வில்லோடு போனவனால் மான் அழியவில்லை. அந்த அநியாயத்தை நாங்கள் வகுப்பில் மறைப்பதில்லை. ஆனால் ஆதிவாசிக்கு நடந்த அநியாயத்தைக் காட்டி, ஹெட்லைட்டும் திரீவீலரும் வைத்து வியாபாரம் செய்பவர் தனக்கு நியாயம் தேட முடியாது. தம்பானைக் கிழவரோடு அவருக்கு என்ன சொந்தம்?

இங்கும் ஒரு காலத்தில் லைசன் இருந்தது, இளம் ஆட்களுக்கு இது தெரியாது. 1937 சட்டத்தில் இடைவலயம் என்று ஒரு பகுதி உண்டு, பூங்காவை ஒட்டி, அனுமதியோடு மட்டும் வேட்டையாடும் இடம். மூடிய காலத்தில் மானுக்குத் துவக்கைத் தூக்கக்கூடாது. அந்தக் காலத்து லைசன்காரர் ஒருவர் நம்ம ஊரில் எண்பது தாண்டி இன்னும் இருக்கிறார். பிள்ளைகளை அவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். துவக்குக் கதை கேட்க ஆசையாகப் போன பொடியன்களுக்கு அவர் சொன்னதெல்லாம் சுடாமல் வந்த கதைகள். குட்டியோடு நிற்கும் பெட்டைக்குச் சுடுவதில்லை. தண்ணீர் குடிக்கும் இடத்தில் சுடுவதில்லை, "தண்ணிக்கு வந்தவனுக்கு அடிக்கிறதா மகன்?" என்று கேட்டார். ஓடுகிற மானுக்குச் சுட்டுக் காயத்தோடு விட்டுவிட்டு வந்தால் அந்த ராவு நித்திரை வராதாம். இரத்தத் தடம் பிடித்து விடியும்வரை தேடுவார்களாம். ஒரு பிள்ளை கேட்டது, "இப்ப இருக்கிற ஆக்கள் தேடுவாங்களா மூத்தவாப்பா?" அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

அப்படியானால் லைசனைத் திரும்பக் கொடுக்கலாமே, இத்தனை மான் என்று அளவு வைத்து அனுமதிக்கலாமே என்று எங்களில் ஒருவரே கேட்டார். கேட்கலாம். பல நாடுகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் எத்தனை எடுக்கலாம் என்று சொல்ல முதலில் எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டும். 2025 மார்ச் 15, நோன்பு நேரம், காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடே வீட்டுத் தோட்டத்தில் நின்று குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணியது ஞாபகம் இருக்கிறதா? சிரித்துச் சிரித்து எண்ணினோம். தோட்டத்துக் குரங்குக்கே அந்தப் பாடென்றால் காட்டுக்குள் இருக்கும் மரையை எண்ணுவது என்ன லேசா. 1993 திருத்தத்தோடு சட்டமும் தலைகீழாகத் திரும்பிவிட்டது. முன்பு எதைக் கொல்லக்கூடாது என்று பட்டியல் போட்டார்கள். இப்போது பாலூட்டிகளிலும் ஊர்வனவற்றிலும் பாதுகாப்பு இல்லாதவற்றுக்குத்தான் பட்டியல், மற்றதெல்லாம் பாதுகாக்கப்பட்டது. "எத்தனை" என்ற கேள்விக்கு இன்றைக்கு நாட்டின் பதில் பூச்சியம். அது மாறும்வரை நமக்கும் அதுதான் அளவு.

சின்னப் பிள்ளைகளின் கெட்டபோலையும் பெற்றோர் கொஞ்சம் பாருங்கள். விரலால் கல் சுண்டி எறிவதையே ரஸூலுல்லாஹ் தடுத்திருக்கிறார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் வீழ்த்தாது, கண்ணையும் பல்லையும்தான் உடைக்கும் என்பது அதற்குக் காரணம். குருவிக் குஞ்சை எடுத்து வந்தவர்களிடம் தாயிடமே திருப்பி வைக்கச் சொன்ன சம்பவமும் அபூதாவூதில் இருக்கிறது. கெட்டபோல் பிடித்த கைதான் பிறகு கம்பி கட்டப் பழகுகிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறோம். இந்த வருடம் கலியாணம் வைத்திருக்கும் வீடுகளில் மூன்று வீட்டார், பெண் வீட்டார் இரண்டும் மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும், சாமான் எடுக்கமாட்டோம் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பெயர் போடவேண்டாம் என்றார்கள், போடவில்லை. சமையல்காரர் காக்காமாரிடமும் கதைத்திருக்கிறோம். தெரியாத இறைச்சி வந்தால் சட்டியில் போடமாட்டேன் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் யோசிப்பதாகச் சொன்னார்கள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மேல்வட்டை வாய்க்கால் ஓரமாக நடந்து கம்பிச் சுருக்குகளைக் கழற்றப் போகிறோம். வனஜீவராசிகள் உத்தியோகத்தர்கள் இரண்டு பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காட்டுக்குள் போவதில்லை, வரம்போடும் வேலியோடும்தான். மஃரிபுக்கு முன் திரும்பிவிடுவோம். பிள்ளைகளை அனுப்பவேண்டாம், பெரியவர்கள் மட்டும் வாருங்கள். வட்டவிதானையும் வருகிறார், எங்கே எங்கே கம்பி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். கட்டுத்துவக்கு மாதிரி எதையாவது கண்டால் யாரும் கை வைக்கவேண்டாம், தள்ளி நின்று சத்தம் வையுங்கள். நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு வாருங்கள். கம்பி வெட்டும் குறடு எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது, இருப்பவர்கள் கொண்டு வந்தால் உதவி.